‘குழப்படி’ என்று எழுதி வந்த கடிதங்கள்

பிள்ளைகளின் சுகம் பற்றி இந்த முறை எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே சொல் இருந்தது: குழப்படி. பேச்சு வராத பிள்ளையும் குழப்படி, இரவில் கத்துகிற பிள்ளையும் குழப்படி, காற்சட்டையில் மலம் போகிற பிள்ளையும் குழப்படி. வீட்டில் கதைக்க அந்தச் சொல் போதும், வைத்தியத்துக்குப் போதாது. காய்ச்சல் என்று வந்தால் டெங்குவா, சளியா, சிறுநீரில் கிருமியா என்று தேடுகிறோம். குழப்படிக்கும் அப்படித்தான் தேட வேண்டும்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு நாலரை வயது. ஒரு இடத்தில் இருக்கமாட்டான். முன்பள்ளி ரீச்சர் “இது ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமல் அளவுக்கு மிஞ்சித் துருதுருக்கும் நிலை) போல இருக்கு, மருந்து எடுங்கோ” என்கிறார். படுத்தாலும் உருண்டு பிரண்டு, வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். குளிசை தொடங்கலாமா?

தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் குறட்டையில்தான் நான் நின்றுவிட்டேன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினொயிட்டும் தொண்டை ரொன்சிலும் வீங்கியிருந்தால் பிள்ளைக்கு இரவு முழுக்க மூச்சு தட்டுப்படும், நித்திரை துண்டு துண்டாகும். நித்திரை குறைந்தால் நாங்கள் தூங்கி விழுவோம். சின்னப் பிள்ளைகள் அதற்கு நேர்மாறு. ஓடித்திரிவார்கள், சினப்பார்கள், சொன்னது மண்டையில் ஏறாது. இன்றிரவே அவன் நித்திரை கொள்வதைப் போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பாருங்கள். அந்த வீடியோவை வைத்தியரிடம் காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, இரத்தம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கும் கவனம் நிற்காது, எரிச்சல் வரும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சை அரிசி என்று தின்றால் கட்டாயம் சோதியுங்கள். எங்கள் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கும் சாப்பாட்டோடு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறோம். உணவில் இருக்கும் இரும்பை உடல் எடுக்கவிடாமல் அது தடுக்கும். தேத்தண்ணியை நிறுத்தி, சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ கொஞ்சம் தேசிக்காய்ப் புளியோ கொடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் துருதுருப்பு அப்படியே இருந்தால் ஏ.டி.எச்.டி. பற்றி யோசிக்கலாம். அந்தப் பெயர் சொல்ல, அடையாளங்கள் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அவனுடைய வயதுக்கு மிஞ்சியதாகவும் இருக்க வேண்டும். நாலரை வயதுப் பெடியன் ஓடத்தான் செய்வான். ரீச்சர் கவனித்துச் சொன்னது நல்ல விடயம், அவரிடம் என்ன கண்டார் என்று எழுதி வாங்குங்கள். நோயின் பெயரை வைத்தியர் சொல்லட்டும்.

ஆறு வயதுக்குக் கீழே, ஏ.டி.எச்.டி. என்றே உறுதியானாலும், முதல் சிகிச்சை குளிசை அல்ல. பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான் முதலில். ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்தில் அவனோடு இருந்து அவன் இழுக்கிற விளையாட்டை விளையாட வேண்டும், அந்த நேரம் திருத்தக்கூடாது. குசினியில் நின்று கத்தாமல், கிட்டப் போய் முகம் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்ல வேண்டும். செய்தவுடனே “செருப்பை எடுத்து வைச்சிட்டியே, நல்ல பிள்ளை” என்று செய்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். கேட்க லேசாக இருக்கும், களைத்து வருகிற அம்மாவுக்கு லேசில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு கிழமை விடாமல் செய்து பாருங்கள். “அடியாத மாடு படியாது” என்று யாராவது வந்தால், இது மாடு இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். அதோடு, படுக்க வைப்பதற்காகச் சளிச் சிரப் கொடுக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். சில பிள்ளைகளுக்கு அது துடியாட்டத்தைக் கூட்டும்.

மல்லாவியிலிருந்து ஒரு அம்மம்மா: பேரனுக்கு இரண்டே முக்கால் வயது. தாய் குவைத்தில். இன்னும் ஒரு சொல்லும் இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுகிறான், அதனால் காது சரி. தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவராம். பொறுத்துப் பார்க்கவா?

அம்மா, பொறுக்க வேண்டாம். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டே முக்காலில் ஒன்றுமே இல்லை என்றால், தகப்பன் எப்போது கதைத்தார் என்பதை வைத்து நாள் கடத்தக்கூடாது.

மோட்டார்சைக்கிளை வைத்துக் காது சரி என்று முடிவெடுக்க வேண்டாம். காதுக்குள் நீர் தேங்கிய பிள்ளைக்குப் பெரிய இரைச்சல் கேட்கும், கதை தெளிவாகக் கேட்காது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. வேலைக்கு வந்த தொடக்கத்தில் ஒரு சிறுவனைச் ‘சொல்வழி கேளாதவன்’ என்றே கொப்பியில் எழுதி அனுப்பினேன். மாதங்கள் கழித்து வேறொருவர் காதைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, அவனுக்குப் பாதிச் சொற்கள் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து, பேச்சு பிந்திய எந்தப் பிள்ளைக்கும் முதலில் முறையான கேள்திறன் சோதனை கேட்கிறேன். முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்ப்பது சோதனை அல்ல.

காது சரியாக இருந்தால் அடுத்து ஓட்டிசத்தை, அதாவது மற்றவர்களோடு பழகுவதும் கதைப்பதும் வேறு விதமாக வளரும் நிலையைப் பார்க்க வேண்டும். வீட்டில் சிலதைக் கவனியுங்கள். தனக்கு வேண்டியதை விரலால் காட்டுகிறானா, உங்கள் கையை இழுத்துக்கொண்டு போய் வைக்கிறானா? நிலாவைக் காட்டினால் நிலாவைப் பார்க்கிறானா, உங்கள் விரலைப் பார்க்கிறானா? ஒரு பொருளைக் கொண்டுவந்து “பார்” என்பது போல உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பொம்மைக் காரை ஓட்டுகிறானா, சில்லை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறானா? முன்பு வந்த சொற்கள் ஏதாவது மறைந்துபோனதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இந்தக் கிழமையே போங்கள்.

வழி இதுதான். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்குக்குப் போய், இந்த அடையாளங்களைச் சொல்லி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுபிள்ளை நிபுணருக்குத் துண்டு கேளுங்கள். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை இருக்கும் மாஞ்சோலைக்கோ, கிளிநொச்சிக்கோ போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் காசு கட்டவேண்டியதில்லை. தேவைப்பட்டால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். முறை வருவதற்குள் மாதங்கள் ஓடலாம், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். போனை எடுத்துவிடுங்கள். இரண்டு முதல் நாலு வயதுவரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், கதைக்காத பிள்ளைக்கு நான் அதையும் கொடுக்கமாட்டேன். அம்மா குவைத்திலிருந்து எடுக்கிற வீடியோ அழைப்பு மட்டும் இருக்கட்டும். கோழிக்குத் தீன் போடும்போதும், தண்ணி அள்ளும்போதும் சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லி, அவன் பதில் தர நேரம் விடுங்கள். போன் பார்த்ததால் ஓட்டிசம் வந்தது என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாடு போன தாயாலும் அது வருவதில்லை.

முழங்காவிலிலிருந்து: ஐந்து வயது மகன் காற்சட்டையிலேயே மலம் போகிறான். கேட்டால் தெரியாது என்கிறான். பஞ்சியில் செய்கிறான் என்று தகப்பன் அடிக்கிறார்.

அவன் பொய் சொல்லவில்லை. இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு உள்ளே பழைய மலம் இறுகிக் கட்டியாய் நிற்கும். குடல் விரிந்து உணர்வு மங்கிவிட, கட்டியைச் சுற்றி நீர்ப்பதமாய்க் கசியும். வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்துவதற்கு மருந்து கொடுத்தால் இன்னும் மோசமாகும். வைத்தியரிடம் காட்டி முதலில் கட்டியை வெளியேற்ற வேண்டும். பிறகு பல மாதங்கள் மலமிளக்கி, நிறையத் தண்ணி, சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் மலகூடத்தில் இருக்கும் பழக்கம். அடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தரம் ஒன்று ஆசிரியை: வகுப்பில் ஒரு பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்படியே பார்த்தபடி நிற்பாள். கூப்பிட்டால் பதில் இல்லை. கொஞ்சத்தில் தானாக எழுதத் தொடங்குவாள். கனவு காண்கிறாள் என்று எல்லோரும் ஏசுகிறோம்.

ரீச்சர், நீங்கள் எழுதியதற்கு நன்றி. கனவு காண்கிற பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும். தொட்டும் திரும்பாமல், பத்து விநாடி போல நின்று, இமை படபடத்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை, அதனால் ஒருவரும் வலிப்பு என்று நினைப்பதில்லை. ஒரு நாளில் பல தடவை வரும், பாடத்தில் அத்தனை ஓட்டைகள் விழும். ஒரு நாளில் எத்தனை தடவை வருகிறது என்று குறித்து, தாயின் சம்மதத்தோடு வீடியோ எடுத்துக் கொடுங்கள். சிறுபிள்ளை வைத்தியர் காகிதக் காற்றாடியை ஊதச் சொல்வார். ஆழமாக மூச்சு விடும்போது அது அங்கேயே வந்துவிடுவதுண்டு. பிறகு மூளை அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது, வளர வளர விட்டுப்போவதும் அதிகம். தாயிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். “அவளுக்கு வலிப்பு” என்று வகுப்பில் பரவிவிட்டால் மருந்தைவிட அது கனக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தகப்பன்: ஐந்து வயது மகன் எல்லோருக்கும் அடிக்கிறான். படுத்துக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தபடி கத்துகிறான், காலையில் நினைவில்லை. 2009இல் யுத்தம் முடியும்போது எனக்கு 13 வயது. இன்றும் ஏதாவது வெடித்தால் உடம்பு நடுங்கும். இரவில் கொஞ்சம் குடிப்பேன். கோபத்தில் அவனுக்கு அடித்துவிட்டுப் பிறகு இருந்து அழுவேன். அவனுக்கு என்ன நோய்?

தம்பி, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இரவுக் கத்தலை முதலில் சொல்கிறேன், அது அவ்வளவு பயப்படத்தக்கதல்ல. படுத்த முதல் சில மணித்தியாலங்களுக்குள், கண் திறந்தபடி, காலையில் நினைவில்லாமல் என்றால் பெரும்பாலும் அது சிறுவயதில் வரும் நித்திரைத் திகில். எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். நேரத்துக்குப் படுக்க வையுங்கள். கை கால் ஒரே சீராக இழுத்தால், அல்லது ஒரே இரவில் பல தடவை வந்தால், வலிப்பா என்று பார்க்க வேண்டும்.

அடிப்பது வேறு கதை. யுத்தத்தை அவன் காணவில்லை. ஆனால் எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில் இருக்கிற பிள்ளையின் உடம்பு எந்த நேரமும் ஆயத்தமாகவே நிற்கும். அதனால் ஒரு பிள்ளை சும்மா முட்டினாலும் அவன் கை நீட்டுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஏ.டி.எச்.டி. போலவே தெரியும். வீட்டில் நடப்பதை வைத்தியரிடம் சொல்லாவிட்டால் நோயின் பெயர் பிழையாகிவிடும், பிழையான குளிசையும் கிடைக்கலாம். இங்கே எழுதியதைப் போல அவரிடமும் சொல்லுங்கள்.

சத்தத்துக்கு நடுங்குவது, குடித்தால்தான் நித்திரை, கையை மீறும் கோபம், இவை மூன்றும் சேர்ந்து வருவதற்கு வைத்தியம் இருக்கிறது. 13 வயதில் யுத்தம் முடிந்த அந்தக் கரையோரத்தில் நின்ற பிள்ளைக்கு அப்போது ஒருவரும் வைத்தியம் பார்க்கவில்லை. இப்போது பார்க்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போவதற்கு முன் கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர் என்றால் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள். கோபம் ஏறும்போது முற்றத்துக்கு இறங்கிவிடுங்கள், மகனை மனைவி பார்க்கட்டும் என்று இருவரும் இப்போதே பேசி வையுங்கள். அடித்துவிட்டால், அழுகை அடங்கிய பிறகு அவனிடம் போய், “அப்பா செய்தது பிழை, நீ செய்த குற்றமில்லை” என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு அது விளங்கும்.

நெடுங்கேணியிலிருந்து: மகளுக்கு நாலு வயது. மூன்று வைத்தியர்கள் மூன்று பெயர் சொல்லிவிட்டார்கள். யாரை நம்புவது?

மூன்று பேரும் ஒவ்வொரு பத்து நிமிடம்தான் பிள்ளையைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்த வயதில் ஓட்டிசம், பேச்சுப் பிந்தல், பதற்றம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். வளர வளரப் பெயர் மாறுவதும் உண்டு. அதனால் நாலாவது ஆளைத் தேடி ஓடாமல், மூவரில் பிள்ளையோடு நிலத்தில் இருந்து பார்த்தவர், நீங்கள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டவர் யாரோ அவரிடமே திரும்பிப் போங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே பைலில் போட்டு, முன்பள்ளியிலிருந்து ஒரு கடிதமும், இரண்டு கிழமைக்கு நீங்கள் எழுதிய குறிப்பும் வையுங்கள். எப்போது கத்தினாள், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், இவ்வளவும் எழுதினால் போதும். அவரிடம் கேட்கவேண்டியவை: எதை வைத்து இந்தப் பெயர்? வேறு எவற்றைப் பார்த்து இல்லை என்று தள்ளினீர்கள்? மூன்று மாதத்தில் எது மாறினால் சரியான வழியில் போகிறோம் என்று தெரியும்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல வைத்தியர் கோபப்படமாட்டார். ஏற்கெனவே குளிசை ஏதாவது ஓடுகிறது என்றால், பெயர் சந்தேகம் என்பதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பூநகரியிலிருந்து ஒரு அப்பம்மா: பேத்திக்கு நாவூறு என்று நூல் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டுங்கள் அம்மா, உங்கள் மனம் ஆறும். கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். நூல் கட்டுகிற இடத்தில் பிள்ளையைப் புகையில் இருத்துவது, அடிப்பது, பட்டினி போடுவது என்று போனால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே தருகிற பொடியையோ எண்ணெயையோ குடிக்கக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஏசுவார்கள் என்று பயந்து மறைக்காமல், மிச்சத்தை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.