ஜாஸ் டபுள் பேஸ்: எத்தனை விரல், எந்தத் தந்தி, யாரைக் கேட்பது?

கிட்டார் வடிவிலான எலெக்ட்ரிக் பேஸிலிருந்து, நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸுக்கு மாறப்போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: வலது கையில் எத்தனை விரல் வைத்து வாசித்தால் வேகம் வரும்? தந்தியை எவ்வளவு தாழ்த்திக்கொள்ளலாம்? யாரைக் கேட்டுப் பழகுவது?

ஜாஸ் குழுக்களில் டபுள் பேஸ் வாசிப்பதுதான் என் தொழில். இதில் எனக்கு உறுதியான பிடிப்புகள் உண்டு, அவற்றை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விக்கு என் பதில் ஒரே விரல். ஆள்காட்டி விரல் போதும். எலெக்ட்ரிக் பேஸில் இரண்டு விரலை மாற்றி மாற்றி நுனியால் தட்டிப் பழகியிருப்பீர்கள். இங்கே அந்த நுனித் தொடுதலுக்கு மெலிந்த சத்தம்தான் கிடைக்கும். விரலைத் தந்திக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்து, அதன் பக்கவாட்டுச் சதையால் இழுங்கள். இழுப்பு தோளிலிருந்து வரட்டும். தந்தியை விட்ட விரல் அடுத்த தந்தியில் போய் நிற்கட்டும். கட்டைவிரல் ஃபிங்கர்போர்டின், அதாவது தந்திகளுக்கு அடியில் இருக்கும் நீண்ட பலகையின், ஓரத்தில் சாய்ந்திருந்தால் கைக்குப் பிடிமானம் இருக்கும். வேகமான சோலோ வாசிக்கும் நாள் வரும்போது நடுவிரல் தானாக வந்து சேரும். டென்மார்க்கின் நீல்ஸ்-ஹென்னிங் ஆர்ஸ்டெட் பெடர்சன் மூன்று விரலால் வாசித்து வியக்க வைத்தவர். ஆனால் அவரிடமும் அடியில் இருந்தது அந்தக் கனமான நாதம்தான்.

வேகத்தைப் பற்றிப் பேசினால் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ பெயர் வராமல் இருக்காது. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்பில், பியானோவில் பில் எவன்ஸ், டிரம்ஸில் பால் மோஷன் இருவருடன் அவர் வாசித்தது பதிவானது. அடுத்த மாதம் 6ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார். வயது 25. பியானோவும் பேஸும் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பேசிக்கொள்ளும் அந்த முறை, பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூவர் குழுவான ஜாஸ் பியானோ டிரியோவையே மாற்றியது. பேஸ் வாசிக்கும் எங்கள் ஆட்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் உச்சஸ்தாயியில் ஓடும் வேகமான ஸ்வர வரிசைகளை. அதே நாளின் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேளுங்கள். லஃபாரோ அதில் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. நீண்ட ஸ்வரங்களை வைத்து, அவை மங்கும்வரை காத்திருக்கிறார். மற்ற பாடல்களில் அவர் பாய்வதற்கான உரிமை அந்தப் பொறுமையிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

நான் உண்மையில் சொல்ல வருவது ஸ்வரத்தின் நீளத்தைப் பற்றி. வாக்கிங் பேஸ் என்றால் ஒரு பாரில், அதாவது நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்றில், நான்கு ஸ்வரம், அடிக்கு ஒன்று. எந்த ஸ்வரத்தை எடுப்பது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், புத்தகங்களும் அதைத்தான் சொல்லித் தருகின்றன. அந்த ஸ்வரம் எப்போது முடிகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. நிமிடத்துக்கு 240 அடி என்ற வேகத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது கால் நொடி. இடது கை அதில் பாதியிலேயே அழுத்தத்தைத் தளர்த்திவிட்டால், ஸ்வரங்களுக்கு நடுவில் ஓட்டை விழுந்து தாளம் நொண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது பிறக்கும் கணம்வரை உயிரோடு இருந்தால், டிரம்மர் தாளம் காட்டித் தட்டும் ரைடு சிம்பலும் உங்கள் பேஸும் ஒரே வாத்தியமாக ஒலிக்கத் தொடங்கும். மேடையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேறில்லை.

இதற்குப் பயிற்சி எளிது, ஆனால் சலிப்பூட்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது அடியில் மட்டும் விழும்படி வைத்து எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸை வாசித்துக்கொண்டே இருங்கள். முதலில் நிதானமான வேகம். பிறகு அதையும் விட மெதுவாக. நிமிடத்துக்கு 60 அடியில் வாசிப்பது 240-ஐ விடக் கடினம், ஒளிந்துகொள்ள இடமே கிடைக்காது. ஆம்பை (ஒலிபெருக்கியை) அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இடது கைக்கு நான் பழமைவாதி. வியன்னாவில் கற்பித்த ஃப்ரான்ஸ் சிமாண்டலின் 19ஆம் நூற்றாண்டு முறையில், கீழ் நிலைகளில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்கள்தான் ஸ்வரம் பிடிக்கும். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை நிற்கும். காரணம் வாத்தியத்தின் அளவிலேயே இருக்கிறது. தந்தியின் நீளம் 105 சென்டிமீட்டர் அளவு. அடித்தந்தியில் எஃப்-இலிருந்து ஜி-க்குப் போக 11 சென்டிமீட்டர் விரிய வேண்டும். எலெக்ட்ரிக் பேஸ் போல விரலுக்கு ஒரு ஃப்ரெட் (கழுத்தில் கம்பி பதித்துப் பிரித்த கட்டம்) என்று இங்கே நீட்டினால் மணிக்கட்டு பழுதாகும். தினமும் கொஞ்ச நேரம் வில்லால் நீண்ட ஸ்வரங்கள் இழுங்கள். விரலால் மீட்டும்போது மறைந்துபோகும் சுருதிப் பிசகு எல்லாம் வில்லில் அப்பட்டமாகக் கேட்கும்.

தந்தி உயரம் பற்றி: 1950கள் வரை பெரும்பாலோர் விலங்குக் குடலில் திரித்த தந்தியில்தான் வாசித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் டிரம்ஸைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் தந்திகளை ஃபிங்கர்போர்டிலிருந்து நன்கு உயர்த்தி வைத்தார்கள். ஸ்டீல் தந்தியும், தந்தியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப்பும் வந்தபின் தாழ்த்த முடிந்தது, வேகம் கூடியது. கூடவே 1970களின் பல பதிவுகளில் பேஸ் ரப்பர் போல மூக்கால் பேசத் தொடங்கியது. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்த ஒலி எனக்கு உவப்பில்லை. நீங்கள் ஸ்டீல் தந்தியே போடுங்கள், ஆனால் பலமாக இழுத்தால் தந்தி பலகையில் மோதாத அளவுக்கு உயரம் வையுங்கள். பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் மேல் தந்திகளில் குடலை விடாமல் வைத்திருந்தார். கிட்டார் கலைஞர் பாட் மெத்தினியுடன் அவர் 1997இல் வெளியிட்ட 'பியாண்ட் தி மிசௌரி ஸ்கை' கேட்டால் ஏன் என்று புரியும்.

இனி யாரைக் கேட்பது. எனக்கு எல்லோருக்கும் மேலே பால் சேம்பர்ஸ். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் 'ஸோ வாட்' பாடலின் மெட்டே பேஸில்தான் இருக்கிறது, ஊதுகருவிகள் பதில் மட்டும் சொல்கின்றன. 1959 மார்ச்சில் அதைப் பதிவு செய்தபோது சேம்பர்ஸுக்கு 23 வயது. அதே ஆண்டு சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 'மிஸ்டர் பி.சி.' என்று ஒரு ப்ளூஸுக்கு அவர் பெயரையே வைத்தார். சேம்பர்ஸ் 33 வயதில் போய்விட்டார். ஆனால் உங்களுக்கு நான் முதலில் தரும் பாடம் அதே தட்டின் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. சோலோக்களை விட்டுவிட்டு விண்டன் கெல்லியின் பியானோவுக்கு அடியில் அவர் நடக்கும் நடையை மட்டும் பின்தொடருங்கள். வாயால் பாட வந்தபிறகு வாத்தியத்தைத் தொடுங்கள்.

அடுத்து ரே பிரவுன், பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் 'நைட் ட்ரெயின்' தட்டில். அடியின் முன்விளிம்பில் நின்று, அவசரப்படாமல் குழுவையே இழுத்துப் போவார். இஸ்ரேல் கிராஸ்பி அவ்வளவாகப் பேசப்படாதவர், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1958இல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் பதிவான அகமத் ஜமால் டிரியோவின் 'பொயின்சியானா'வில் அவர் வாசிப்பதை எழுதிப் பார்த்தால் மிகக் குறைவான ஸ்வரங்கள்தான் இருக்கும். அதில் ஒன்றை எடுத்தாலும் பாட்டு சரிந்துவிடும். பேஸில் ஜிம்மி பிளான்டனும் பியானோவில் டியூக் எலிங்டனும் 1940இல் இருவர் மட்டும் வாசித்த 'பிட்டர் பாந்தர் பேட்டர்' பழைய பதிவு, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ் தனிக்குரலில் பேச முடியும் என்று காட்டியவர் பிளான்டன், 23 வயதில் காசநோய்க்குப் பலியானார். கோபமும் ஆவேசமும் வேண்டுமென்றால் சார்லஸ் மிங்கஸின் 'ஹெய்ஷியன் ஃபைட் சாங்', தொடக்கத்தில் பேஸ் மட்டும்.

இவற்றைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது, அந்தச் சின்னப் பெட்டியில் அது வராது. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புதுப் பிக்கப் வாங்குவதற்கு முன்பாகவே. அதோடு முதல் சில மாதங்களுக்கு நேரில் ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். கிளாசிக்கல் ஆசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. நிற்கும் விதத்தையும் இடது கட்டைவிரலின் அழுத்தத்தையும் பக்கத்தில் இருப்பவர்தான் திருத்த முடியும்.