காருக்குள் ஏறியதும் போன் சிக்னல் குறைகிறது. மெட்டாசர்ஃபேஸ் கண்ணாடி வந்தால் சரியாகுமா?

உங்கள் வண்டியில் வெயில் சூட்டைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தக் கண்ணாடிக்குள் கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பூச்சு உண்டு. சூட்டைத் திருப்பி அனுப்பும் அதே பூச்சு போன் அலையையும் திருப்பிவிடும். 20 டெசிபெல் இழப்பு என்றால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது.

கார் கண்ணாடி மாற்றுவது என் தொழில். பெரிய வண்டி ஒன்றுக்கு முன் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். சில நாளில் உரிமையாளர் கடைக்கே வந்து, "மட்டமான கண்ணாடியைப் போட்டு ஏமாத்திட்டீங்க, ஃபாஸ்டேக் வேலை செய்யல, டோல்ல ரெண்டு மடங்கு பிடுங்குறான்" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். நான் போட்டது பழையதைப் போலவே பூச்சுள்ள அசல் கண்ணாடி. புது டேக்கைத்தான் அவர் பூச்சின் மேல் ஒட்டியிருந்தார். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே, பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள். டேக்கை உரித்தால் வீணாகிவிடும் என்பதால் வேறொன்று வாங்கிவரச் சொல்லி அங்கே ஒட்டினேன். அடுத்த டோலில் கேட் உடனே திறந்தது. அவர் திட்டியதை நாலு பேர் கேட்டார்கள், இதை யார் கேட்டார்கள்?

சரி, மெட்டாசர்ஃபேஸ். அலைநீளத்தைவிடச் சின்ன உலோக வடிவங்களை, பார்வையை மறைக்காதபடி வரிசையாக அமைத்து, வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடுவதுதான் அது. 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளம் எட்டரை சென்டிமீட்டர்; வடிவங்கள் அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். ஜப்பானில் டோகோமோ என்ற போன் நிறுவனமும் ஏஜிசி என்ற கண்ணாடி நிறுவனமும் 2020-ல் 28 கிகாஹெர்ட்ஸில் ஒளி ஊடுருவும் மெட்டாசர்ஃபேஸைச் சோதித்துக் காட்டின. அலையை முழுக்க உள்ளே விடவும் திருப்பி அனுப்பவும் அதனால் முடிந்தது. சுவிட்சர்லாந்தில் பிஎல்எஸ் என்ற ரயில் நிறுவனத்தின் ரயில் ஜன்னல்களின் பூச்சில் லேசரால் மெல்லிய கோடு கீறி சிக்னலை உள்ளே விட்டிருக்கிறார்கள். அதனால் இது வெறும் பேச்சல்ல, நம்பலாம்.

டவரே தூரத்தில் இருந்தால் எந்தக் கண்ணாடியும் உதவாது. 'இவன் என்ன இன்ஜினியரா' என்று வருபவர்களுக்காக இதையும் சொல்லிவிட்டேன்.

அப்புறம், 2012-ல் உச்ச நீதிமன்றமே கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்றது. ஒட்ட மாட்டேன் என்று சொல்கிற என்னைப் போன்ற கடைக்குத்தான் நஷ்டம். ஒட்டிக் கொடுப்பவனிடம் வரிசையில் நிற்கிறார்கள். அதில் உலோக ஃபிலிம் என்றால் சிக்னலும் போகும், போலீஸ் அபராதமும் வரும்.