மகளின் இடுப்பும் அப்பாவின் இடுப்பும்

கேள்வி: ‘உன் உடலை நேசி’ என்று பெண்ணிய எழுத்தாளர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு என் மகள் டயட்டையே விட்டுவிட்டாள். நீரிழிவு பெருகிவிட்ட நம் நாட்டில் இது ஆபத்தான உபதேசம் இல்லையா? – ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா. அவர்கள் என்னதான் எழுதினார்கள் என்று பாருங்கள். லண்டனில் 1976-இல் பெண்களுக்கான உளச்சிகிச்சை மையத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சூசி ஓர்பாக். 1978-இல் வந்த அவருடைய ‘ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ’ (பருமன் ஒரு பெண்ணியப் பிரச்சினை) என்ற நூல் கண்டதையும் தின்னச் சொல்லவில்லை. பசித்தால் சாப்பிடு, வயிறு நிறைந்ததும் நிறுத்து, கை தானாகத் தட்டுக்குப் போனால் அது பசியா, கோபமா, தனிமையா என்று பார். இதுதான் அவர் காட்டிய வழி. டயட்டே பிறகு அள்ளித் தின்ன வைக்கிறது என்றார். உடலும் அப்படித்தான்: எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் இறங்குகிறது. ஓராண்டு கழித்தும் முழுதாகச் சீராவதில்லை. போன எடை திரும்பி வந்தால் மகளைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள்.

ஓர்பாக்கிடம் எனக்கு உறுத்துவது வேறு. 2004-இல் தொடங்கிய டவ் சோப்பின் ‘உண்மையான அழகு’ விளம்பரத்துக்கு ஆலோசனை சொன்னவர் அவர். டவ்வை விற்கும் அதே யூனிலீவர் நிறுவனம்தான் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு க்ரீமையும் விற்றது. 2020-இல்தான் அந்தப் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது. நிறத்துக்காக நம் பெண்கள் படும் பாடு கொஞ்சமா?

நீரிழிவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் “என்னம்மா, இப்படி ஊதிட்டே” என்று கேட்பதால் யாருக்கும் சர்க்கரை இறங்காது. கிளினிக்கிலும் அதே பேச்சுதான் என்று அஞ்சி ஒதுங்கும் பெண்ணுக்கு, காலில் புண் ஆறாதபோதுதான் நோயே தெரிய வருகிறது.

அக்கறை இருந்தால் அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்டதும் இடுப்புச் சுற்றளவை அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தாலும், வயிற்றை எக்கினாலும் கணக்குத் தப்பும். ஆசியப் பெண்களுக்கு வரம்பு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. தாண்டினால் இரவு முதல் 8 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். ஒல்லியானவர்களும் பார்க்க வேண்டும்; நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்.

மகளை அளப்பதற்கு முன் அந்த 90-ஐ உங்கள் இடுப்பில் பாருங்கள். கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.