பிள்ளை வளர்ப்புக் கணக்கில் விடுபடும் தொகை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு ஏன் போதாது?

பதில்: தாய், தந்தை ஆகிய இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பேர் போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறப்பது இயற்கை. பிறக்கும் பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் ஈடுசெய்வதற்கே அந்த 0.1. உலகச் சராசரி 1960-களின் தொடக்கத்தில் ஐந்தாக இருந்தது, இப்போது 2.3-ஐ ஒட்டி நிற்கிறது. தென்கொரியாவில் அது 2023-இல் 0.72 வரை இறங்கியது.

கேள்வி: என் பாட்டி ஏழு பிள்ளைகளை வளர்த்தார். இருவரும் சம்பாதிக்கும் எங்களுக்கு ஒன்றே பாரமாக இருக்கிறது. நாங்கள்தான் சொகுசுக்குப் பழகிவிட்டோமா?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் அந்தக் காலத்துச் செலவை முழுமையாகக் கணக்கிடுவதில்லை. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டி வளர்ந்தது பெரும்பாலும் மூத்த பெண்ணின் இடுப்பில்தான். அதற்காக அவள் பள்ளியிலிருந்து நின்றிருந்தால், அவள் இழந்த படிப்பும் அந்த வளர்ப்பின் செலவே. பத்து வயதுப் பையன் வயலிலோ பட்டறையிலோ வீட்டுக்காக உழைத்தான். பெற்றோரின் முதுமைக்கும் பிள்ளைகளைத் தவிர வேறு ஆதரவு இருக்கவில்லை. மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1976-இல் இதைச் செல்வம் பாயும் திசையைக் கொண்டு விளக்கினார்: பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் பாய்ந்துகொண்டிருந்த செல்வம், கல்வி பரவிய பிறகு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாயத் தொடங்கியதும் குடும்பங்கள் சிறுத்தன. பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருபது வயதுக்கு மேலும் படிக்க வைப்பதைச் சொகுசு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது நாம் பெற்ற பேறு. அதன் விலையை மட்டும் இரண்டு பேரின் சம்பளத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இதோடு போட்டியும் சேர்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு தனிப்பயிற்சி வகுப்புகளுக்குப் போனால் நம் பிள்ளையை மூன்றுக்கு அனுப்ப வேண்டியதாகிறது. முடிவில் எல்லோரும் செலவழித்திருப்பார்கள், எவருடைய தரவரிசையும் மாறியிருக்காது. பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிறுவனங்கள் இலாபம் ஈட்டக் கூடாது என்று 2021-இல் சீனா உத்தரவிட்டதற்குக் குடும்பங்களின் இந்தச் சுமையும் ஒரு காரணம். அதே ஆண்டில் மூன்று குழந்தைகள் வரை பெற்றுக்கொள்ளவும் அந்நாடு அனுமதித்தது. மறு ஆண்டே அதன் மக்கள்தொகை, 1960-களின் தொடக்கத்துக்குப் பிறகு முதன்முறையாகக் குறைந்தது.

கேள்வி: முதல் குழந்தைக்கான செலவிலேயே மலைத்துப்போயிருக்கிறோம். இரண்டாவது பிறந்தால் எல்லாம் இரட்டிப்பாகுமா?

பதில்: வீட்டின் மொத்தச் செலவு இரட்டிப்பாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் பயன்படுத்தும் அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, பதினான்கு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3 என்று மதிப்பு வைக்கிறார்கள். அதன்படி, இருவர் மட்டும் 150 செலவழித்து வாழ்ந்த அதே வசதியோடு இருக்க, ஒரு குழந்தையுடன் 180-உம் இரண்டு குழந்தைகளுடன் 210-உம் தேவைப்படும். பதினான்கு வயது நிறைந்ததும் பிள்ளையின் மதிப்பும் 0.5 ஆகிவிடுகிறது, வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இது வியப்பளிக்காது.

இந்த அளவுகோல் தொடாத ஒன்று உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தனர். பால்மாவு, டயப்பர், தடுப்பூசி, காப்பகக் கட்டணம் தொடங்கி, காய்ச்சல் கண்ட இரவில் பிடித்த வாடகைக் கார் வரை தேதிவாரியாக எழுதி, ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் சிவப்பு மையில் கூட்டுத்தொகை போட்டிருந்தார்கள். அந்தப் பெண் வேலையை விட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சம்பளம் மட்டும் நோட்டில் எங்குமே இல்லை. கடைசிப் பக்கத்தில் அதை எழுதச் சொன்னேன்: வராமல் போன சம்பளம், கைநழுவிய பதவி உயர்வு, ஓய்வூதியக் கணக்கில் சேராத தொகை. எழுதி முடித்தபோது அந்த ஒரு பக்கம் மற்றெல்லாப் பக்கங்களின் கூட்டுத்தொகையையும் மிஞ்சியிருந்தது. கணவர் அதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

டென்மார்க்கில் நடந்த விரிவான ஆய்வொன்றும் இதையே காட்டியது: முதல் குழந்தைக்குப் பிறகு பெண்ணின் வருமானம் ஆணின் வருமானத்தைவிட நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு பின்தங்கிவிடுகிறது, தந்தையின் வருமானத்தில் மாற்றமே தெரிவதில்லை. ஆகவே இரண்டாவது குழந்தையைப் பற்றிப் பேசும்போது, யார் எத்தனை மாதம் வீட்டில் இருப்பது, அந்த இழப்பை இருவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை முதலில் பேசுங்கள். பால்மாவுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அரசு பணம் கொடுத்தால் பிறப்பு கூடுமா?

பதில்: ஓரளவு கூடும், ஆனால் எப்படியும் பிறக்கவிருந்த குழந்தை சற்று முன்னதாகப் பிறப்பதே அதில் பெரும்பகுதி. சுவீடனில் 1980-களில், முதல் குழந்தைக்குப் பின் குறிப்பிட்ட மாதங்களுக்குள் அடுத்த குழந்தை பிறந்தால் விடுப்புக்கால உதவித்தொகை குறையாது என்ற ஏற்பாடு இருந்தது. பெற்றோர் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டார்கள், 1990-இல் 2.1-ஐத் தொட்ட பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 1999-இல் 1.5-க்கு வந்துவிட்டது. அங்கேரியில் நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுவதும் வருமான வரி விலக்கு 2020 முதல் உண்டு, 2011-இல் 1.23 ஆக இருந்த விகிதம் 2021-இல் 1.6-ஐ எட்டி, 2024-இல் மீண்டும் 1.4-க்குக் கீழே இறங்கியது. நல்ல காப்பகமும் விடுப்பும் இருக்கும் பின்லாந்திலும் 2010-இல் 1.87 ஆக இருந்தது 2023-இல் 1.26 ஆகிவிட்டது. இதனால் காப்பகமும் விடுப்பும் வீண் என்று ஆகிவிடாது. பிறந்துவிட்ட குழந்தைக்கும் அதன் தாய்க்கும் அவை தேவை என்பதே அவற்றுக்குப் போதிய நியாயம். பிறப்பு எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அவற்றை அளப்பதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டோம். நாடு மூப்படைவதற்கு எங்களைப் போன்றவர்கள்தான் காரணம் என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள்.

பதில்: அந்தப் பழியைச் சுமக்காதீர்கள். பிள்ளைப்பேற்றை நாட்டுக்கான கடமையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா சான்று. 1966-இல் அங்கே கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தார்கள், 1.9 ஆக இருந்த விகிதம் ஒரே ஆண்டில் 3.7-க்கு ஏறியது, சில ஆண்டுகளில் மளமளவென்று இறங்கியும்விட்டது. மறைவாகச் செய்த கருக்கலைப்புகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உயிரிழந்தனர். கைவிடப்பட்ட குழந்தைகளால் விடுதிகள் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் நீக்கப்பட்டவற்றுள் அந்தத் தடையும் ஒன்று.

கேள்வி: வீட்டுக் கடன் முழுவதும் தீர்ந்த பிறகுதான் குழந்தை என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானா?

பதில்: கடன் தீரும்போது மனைவிக்கு என்ன வயதாகும் என்பதைப் பொறுத்தது. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கீட்டின்படி, செயற்கைக் கருத்தரிப்பை நாடாமல் ஒரு குழந்தை பெறும் வாய்ப்பு 90 விழுக்காடாக இருக்க வேண்டுமானால் பெண் 32 வயதுக்குள்ளும், இரண்டு வேண்டுமானால் 27 வயதுக்குள்ளும் முயற்சியைத் தொடங்க வேண்டும். அதற்குப் பின் முடியாது என்பது இதன் பொருள் அன்று. வாய்ப்பு படிப்படியாகக் குறையும், சிகிச்சையால் அதை முழுவதும் மீட்க இயலாது. தவணைக் காலத்தை நீட்டித்து மாதச் சுமையைக் குறைக்க முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். அதே வாரத்தில் இருவரும் ஒரு மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.