நாடு பணக்கார நாடானால் சிசு மரண விகிதம் தானாகக் குறைந்துவிடுமா?

குறையாது என்பதற்கு நான் வாழும் தென்னாப்பிரிக்காவே சான்று. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையும் முன் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பதே இந்த விகிதம். 1990இல் 65 அளவில் இருந்த உலகச் சராசரி இன்று 30க்குக் கீழே வந்துவிட்டது. ஜப்பானில் அது இரண்டைக்கூட எட்டுவதில்லை. எங்களைவிட வருமானம் குறைந்த இலங்கையிலேயே ஒற்றை இலக்கந்தான். இங்கோ, மற்ற நாடுகளில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஏறி, 2000களின் தொடக்கத்தில் 50ஐ ஒட்டி நின்றது.

காரணம் எச்.ஐ.வி. அப்போது நான் டர்பனில் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தேன். எங்கள் மாகாணத்தில் அரசு கிளினிக்குகளுக்கு வரும் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. வலி கண்டதும் தாய்க்கு எச்.ஐ.வி.யை அடக்கும் நெவிரபின் மருந்தில் ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சிறிதளவு சொட்டு மருந்து, இவ்வளவு கொடுத்தாலே குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று 1999இலேயே உகாண்டா ஆய்வு காட்டியிருந்தும், அரசு அதைச் சோதனை முயற்சியாக மாகாணத்துக்கு இரண்டு இடங்களோடு நிறுத்திவைத்தது. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கேட்டுப் போராடிய அமைப்பு வழக்குத் தொடுத்து, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அந்தத் தடை விலகியது. அந்தத் தாமதத்தை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மருந்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது; தாய்ப்பால் வழியாகவும் எச்.ஐ.வி. தொற்றலாம். தொற்றுள்ள தாய் முதல் மாதங்களில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால், தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் கலந்து கொடுப்பதைவிட ஆபத்து குறைவு என்பதை டர்பன் மருத்துவர் ஹூசன் கோவாடியாவின் குழுவினர் கண்டறிந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நம் தமிழ்க் குடும்பத்து ஆயாமார், அதாவது பாட்டிமார், பிறந்த சில நாளிலேயே பாசத்தோடு சர்க்கரைத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் புகட்டுவார்கள். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலே போதும் ஆயா, தண்ணீகூட வேண்டாம்" என்று சொல்லும்போது, தாய்க்குத் தொற்று இருப்பது வீட்டாருக்குத் தெரிந்துவிடாதபடி எல்லாத் தாய்மாருக்கும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று இங்கே பிறக்கும்போதே தொற்றோடு பிறக்கும் குழந்தைகள், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறப்போரில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் விகிதம் இலங்கையைவிடப் பல மடங்கு அதிகம். உலகெங்கும் ஒரு வயதுக்குள் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் முதல் 28 நாட்களில் நேர்கின்றன: குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. மூச்சுவிடாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்து முதல் நிமிடத்திலேயே காற்றூட்டத் தெரிந்த செவிலி, சிற்றூர் மருத்துவமனையில் இரவுப் பணியிலும் இருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.