110 வோல்ட்டும் பரண் மேல் பெட்டிகளும்

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ், பெட்டிகூடப் பிரிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா, விற்றுவிடலாமா? (கோவை)

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும். நம்மூர் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மைக்ரோவேவுக்கு அதுதான் வம்பு, உள்ளே சூடேறும். விற்கலாமென்றால், அமெரிக்கா போகிறவர் யாரும் அதைச் சுமந்துபோக மாட்டார். காயலான் கடைக்கும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் அது அப்படியே நிற்கும். சுத்தியலோடு உடைக்கிற பையன் பாவம். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

சிங்கப்பூர் ரைஸ் குக்கர். பிளக் சேரவில்லை. தூக்கிப் போடவா? (காரைக்குடி)

பிளக்கை மாற்றுங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்.

தெரிந்தவர் ஒருவர் தன் அமெரிக்க மிக்ஸியை, "இங்கேயும் ஓடும்" என்று 4,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். கடையில் சொன்னபடி வோல்ட்டைக் குறைக்கிற சின்ன கன்வெர்ட்டர் வாங்கிச் சொருகினேன். புகைதான் வந்தது. (திருச்சி)

உங்கள் மேல் தப்பில்லை. இந்தக் கன்வெர்ட்டர் வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம். என் வீட்டிலும் ஒன்று கருகிக் கிடக்கிறது. உள்ளங்கை அளவுப் பெட்டியில் 1600 வாட் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். இஸ்திரிப்பெட்டி மாதிரி வெறுமனே சூடாகும் சாமானுக்கு மட்டும் என்பது பொடி எழுத்தில், அதுவும் அட்டையின் அடியில். மோட்டாரும் எலெக்ட்ரானிக் போர்டும் அதில் தாங்காது. மிக்ஸிக்கு வேண்டியது இரும்பும் செம்புமாகக் கனக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன? பில் இருந்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் உதவி எண். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மிக்ஸி விற்றவர் வியாபாரி அல்ல, அதனால் அங்கே அவர் மேல் வழக்கு நிற்பது கஷ்டம். "ஓடும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அமெரிக்க எக்ஸ்டென்ஷன் போர்டு, பிளக் அடாப்டர் போட்டதும் டப்பென்று வெடித்தது. ஏன்? (தாம்பரம்)

பிளக் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. 125 வோல்ட் என்று போர்டின் பின்னாலேயே அச்சடித்திருப்பான். திருப்பிப் பார்க்க என்ன கேடு?

டல்லாஸிலிருந்து ஊர் திரும்புகிறோம். வாக்குவம் கிளீனர், ஹேர் டிரையர், லேப்டாப்: எதைக் கொண்டுவரலாம்?

லேப்டாப். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருக்கும். மற்றவற்றிலும் அப்படி இருக்கிறதா பாருங்கள். வெறும் 120 என்றால் கிளம்பும் முன்பே அங்கே விற்றுவிடுங்கள், அல்லது பழைய சாமானை நன்கொடையாக வாங்கிக்கொள்ளும் குட்வில் கடையில் கொடுத்துவிடுங்கள்.