பின்னணிக்கு ஆம்பியன்ட் சின்த்: கேளுங்கள், சொல்கிறேன்

குறும்படம், ஆவணப்படம், யூடியூப் வீடியோ என்று பின்னணிக்கு சின்த் (சின்தசைசர், மின்னணு இசைக்கருவி) இசை செய்து கொடுப்பவன் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, ஆவணப்படத்தில் ஒரு பாட்டி பேசுகிறார். அடியில் பேட் (நீண்டு படரும் சின்த் ஒலி) போட்டால் குரல் அமுங்குகிறது, வால்யூமைக் குறைத்தால் இசை இருப்பதே தெரியவில்லை.

வால்யூமை விடுங்கள், ஈக்யூவை (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைப்பது) திறவுங்கள். பேச்சு தெளிவாகப் புரிவதற்கு முக்கியமான பகுதி சுமார் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. அதே இடத்தில் உங்கள் பேடும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அகலமாக ஒரு 4, 5 டெசிபல் குறைத்துப் பாருங்கள், இசை அதே அளவில் இருக்கும், பாட்டியின் குரலும் கேட்கும். சைட்செயின் கம்ப்ரஸர் (குரல் வரும்போது இசையைத் தானாகத் தாழ்த்துவது) போடுவதானால் ரிலீஸை, அதாவது இசை பழைய அளவுக்குத் திரும்பும் நேரத்தை, நன்றாக நீட்டி வையுங்கள், இல்லையென்றால் அவர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இசை மூச்சு வாங்கும். இன்னொன்று, அடி ஒலியை (பேஸ்) மட்டும் நம்பினால் மொபைல் ஸ்பீக்கரில் ஒன்றுமே வராது, கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) போட்டு மேல் ஹார்மோனிக்ஸை, அதாவது கூடவே எழும் உயர் ஒலிகளை, கொண்டுவாருங்கள்.

'பிளேட் ரன்னர்' சத்தம் வேண்டும். எந்த சின்த் வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். 1982-இல் வந்த அந்தப் படத்துக்கு இசையமைப்பாளர் வாஞ்செலிஸ் முக்கியமாகப் பயன்படுத்தியது யமஹா சிஎஸ்-80. அதன் விசேஷம், கட்டையை அழுத்திய பிறகும் ஒவ்வொரு விரலின் அழுத்தத்துக்கும் தனித்தனியாக ஒலி மாறும் என்பது. அதனால்தான் அந்த நீண்ட ஸ்வரங்கள் நடுவில் விரிகின்றன. வைட்டல் அல்லது சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். அதில் இரண்டு சா (ரம்பப்பல் வடிவ) அலைகளை ஏழெட்டு சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கி, லோ பாஸ் ஃபில்டரை (உயர் ஒலிகளை வடிகட்டுவது) மெதுவாகத் திறக்க வைத்து, அட்டாக் (ஒலி எழும் நேரம்) 2 நொடி, ரிலீஸ் (அடங்கும் நேரம்) 5 நொடி, மேலே வல்ஹல்லா சூப்பர்மாசிவ் ரிவர்ப் (எதிரொலி) (அதுவும் இலவசம்தான்). வாசிக்கும்போது ஃபில்டரைக் கையால் அசைத்துக்கொண்டே இருங்கள், வெறும் எல்எஃப்ஓ (தானாக ஒரே சீராக அசைக்கும் அலை) ஓட்டம் காதுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

லூப் போட்டால் எங்கே திரும்புகிறது என்று தெரிந்துவிடுகிறதே?

ஒரே நீளத்தில் எல்லாவற்றையும் வெட்டினால் தெரியத்தான் செய்யும். ஆம்பியன்ட் இசைக்காரர் பிரையன் ஈனோ 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' செய்தபோது வெவ்வேறு நீள டேப் லூப்களைச் சேர்த்து ஓடவிட்டார். நீங்கள் 17, 23, 29 நொடிகளில் மூன்று லூப் வைத்தால், மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்வரங்களை மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் வைத்துக்கொண்டால் எது எதன் மேல் விழுந்தாலும் பெரிதாக உறுத்தாது.

திகில் குறும்படம். ஒரு வீட்டுக்குள்தான் முழுக்கதையும். ட்ரோன் (விடாமல் ஒலிக்கும் ஒற்றை ஸ்வரம்) போட்டால் படத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் லொகேஷன் ஒலியை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஃபிரிட்ஜ், டியூப் லைட் சோக், பின்னால் ஏதோ ஒரு மோட்டார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த ரீங்காரம் 50, 100 ஹெர்ட்ஸில் நிற்கும். நீங்கள் ட்ரோனை ஜி ஷார்ப்பில் வைத்தால் அது 52 ஹெர்ட்ஸ் அருகே, இரண்டும் மோதி நொடிக்கு இரண்டு தடவை 'வூம் வூம்' என்று அடிக்கும். ஜி-க்கு இறக்கி 35 சென்ட் ஏற்றுங்கள், சரியாக 50. இப்போது வீட்டின் ரீங்காரம் எங்கே முடிகிறது, சின்த் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் மோதல் வேண்டுமென்றே தேவைப்படும் காட்சியில் மட்டும் ட்யூனை நகர்த்துங்கள். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்துக்கு (1972) எதுவார்த் ஆர்தெமியேவ் ஏஎன்எஸ் என்ற சோவியத் சின்தசைசரில் செய்ததைக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அது இசையா சூழல் ஒலியா என்று பிரிக்கவே முடியாது. இசையமைப்பாளருக்குக் கைதட்டல் கிடைக்காத வேலை, ஆனால் படத்துக்கு அதுதான் வேண்டும்.

தம்புராவே ட்ரோன்தானே சார், சின்த் எதற்கு?

தம்புரா கேட்டதும் நம் ஆட்களுக்குக் கச்சேரி மேடை கண்ணில் வந்துவிடும். அது தேவையில்லை என்றால், நீங்களே பதிவு செய்த தம்புராவை பால்ஸ்ட்ரெட்ச் (ஒலியை நீட்டும் மென்பொருள்) மூலம் எட்டு மடங்கு இழுங்கள். மீட்டும் ஒலி மறைந்து, ஜவாரியின் (தந்தியின் ரீங்காரம்) மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்.

'ராயல்டி ஃப்ரீ' என்று எடுத்த டிராக்குக்கு காப்பிரைட் கிளைம் வந்துவிட்டது.

ராயல்டி ஃப்ரீ என்றால் உரிமை இல்லாதது என்று அர்த்தம் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் 'என்சி' இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. 'என்டி' இருந்தால் வீடியோவோடு இணைப்பதே மாற்றம் செய்ததாகக் கணக்கு, ஆகவே தொடாதீர்கள். வாங்கியதென்றால் உரிமச் சான்றை வைத்து டிஸ்ப்யூட் செய்யுங்கள். சில சமயம் அதே ஸ்டாக் லூப்பை வேறொருவர் தன் பாட்டில் போட்டு கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை) பதிந்திருப்பார், கிளைம் அங்கிருந்து வந்திருக்கும்.

எடிட்டருக்கு எப்படி அனுப்புவது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஃபைல். எம்பி3 வேண்டாம். ட்ரோன், பேட், மெலடி மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக (பிரித்த ஆடியோ ஃபைல்களாக), எல்லாம் ஒரே டைம்கோடிலிருந்து தொடங்குகிற மாதிரி. சத்தத்தைக் கூட்ட லிமிட்டர் போட்டு நசுக்காதீர்கள், யூடியூப் எப்படியும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சத்த அளவின் அலகு) மேலே உள்ளதைக் குறைத்துவிடும். ரிவர்ப் வால் முழுதாக அடங்கும் வரை எக்ஸ்போர்ட் நீளட்டும், எங்கே வெட்டுவது என்பதை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.